இயங்குதளம் கேட்கும் நான்கு எண்கள்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் வருகிறது. இருக்குவேளிரின் ஊர். பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதற்கு அடிப்பகுதி மட்டுமே மிச்சம். சிலப்பதிகாரத்திலும் இந்த ஊர் வருகிறது. மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையவன், கொடும்பையின் குளக்கரை வரை போனால் அங்கே பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் போனால் சிறுமலையைக் காணலாம். இடப்பக்கம் போனால் திருமால்குன்றம். நடுவழியில் காடும், வழிப்போக்கரை மறிக்கும் ஒரு தெய்வமும் உண்டு. மூன்றும் மதுரைக்குத்தான் போகின்றன.

மறையவன் வழி சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மதுரை வரைக்குமான ஒவ்வொரு அடியையும் அவன் ஒப்பிப்பதில்லை. எதுவரை யோசிக்காமல் நடக்கலாம், எங்கே வழி பிரிகிறது, அங்கே எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். வலையமைப்பில் இணைந்த ஒரு கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் ஏறக்குறைய இவ்வளவுதான். தன் இடம் எது? அது ஐபி முகவரி. தன் ஊரின் எல்லை எதுவரை? அது சப்நெட் மாஸ்க். எல்லையைத் தாண்ட வேண்டுமானால் எந்த முனைக்குப் போக வேண்டும்? அது கேட்வே. ஒரு பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் யார்? அது டிஎன்எஸ். உலகின் மறுகோடியில் இருக்கும் சர்வருக்குப் போகும் வழி முழுவதையும் எந்தக் கணினியும் மனப்பாடம் செய்து வைப்பதில்லை. அடுத்த முனை தெரிந்தால் போதும். அதற்கு அப்பால் வழி சொல்வது அந்தந்த முனையிலுள்ள ரவுட்டரின் வேலை.

கணினியில் புதிதாக இயங்குதளம், அதாவது ஓஎஸ், போடும்போது இந்த நான்கையும் நம் கையால் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு திரை சில சமயம் வந்து நிற்கும். பார்க்க எளிய திரை. நான்கு கட்டங்கள், நான்கு எண்கள். ஆனால் பள்ளிக் கணினி அறைகளிலும் சிறு அலுவலகங்களிலும் பல வாரங்களுக்குத் தீராத ‘நெட் வரல’ பிரச்சினைகளில் கணிசமானவை அந்தத் திரையில்தான் பிறக்கின்றன. நிறுவும் நேரத்தில் இந்த எண்களைக் கையால் கொடுப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினிக்குத் தன் சுற்றுப்புறத்தைப் பற்றி எதுவுமே தெரியாத நேரம் அது. அந்த நேரத்தில் நாம் சொல்வதைச் சரிபார்க்க அதனிடம் வழியும் குறைவு. சொன்னதை அப்படியே கோப்பில் எழுதி ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தத் திரையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2006, 2007 ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்குக் கொண்டுபோகப் பெருமுயற்சி எடுத்தார். சென்னை சிடாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. இவற்றையெல்லாம் ஒருநாள் யாராவது அழித்துவிட்டுத் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகரில் இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடலாம். கொடும்பாளூர் அளவிலான ஊரில் ஒரு பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், பூட்டபிள் பென்டிரைவைச் செருகிவிட்டு அந்தத் திரையைத் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டும். புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சர்வீஸ் ஆள் வருவதற்கு ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகலாம்.

டெபியனை எடுத்துக்கொள்வோம். நிறுவல் நிரல் முதலில் தானாகவே முகவரி வாங்கப் பார்க்கும். அதற்கான முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். முகவரியே இல்லாத கணினி எப்படிப் பேசும் என்ற கேள்வி எழலாம். அது 0.0.0.0 என்பதைத் தன் முகவரியாகப் போட்டுக்கொண்டு, 255.255.255.255 என்ற முகவரிக்கு, அதாவது அந்த வலையமைப்பில் உள்ள எல்லோருக்குமாக, ‘எனக்கு ஒரு முகவரி வேண்டும்’ என்று கேட்கிறது. தன்னை அடையாளம் காட்ட, நெட்வொர்க் கார்டில் பதிந்திருக்கும் மேக் முகவரியை உடன் அனுப்புகிறது. முகவரி தரும் சர்வர் (சிறிய இடங்களில் மோடமோ ரவுட்டரோதான் அந்த சர்வர்) ஒன்றைத் தர முன்வருகிறது. கணினி ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது. சர்வர் ‘சரி, இவ்வளவு காலத்துக்கு உனக்கு’ என்று முடிக்கிறது. நான்கே செய்திகள். முகவரியோடு மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இது நடக்காமல் போகும்போது ஓர் அறிவிப்பு வருகிறது. தானியங்கி அமைப்பு தோற்றுவிட்டது, உங்கள் வலையமைப்பு டிஹெச்சிபியைப் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது, அல்லது சர்வர் மெதுவாக இருக்கலாம், வன்பொருளில் கோளாறு இருக்கலாம் என்கிறது அது. முதல் காரணத்தைப் படித்தவுடன் பெரும்பாலானோர் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டு, ‘கையால் அமைக்க’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதே அறையில் மற்ற எல்லாக் கணினிகளும் அதே ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கி ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைத் திரும்பிப் பார்த்தாலே அந்த முதல் காரணம் அடிபட்டுப் போகும்.

அப்படியானால் ஏன் தோற்றது? இதில் ஒரு காரணம் மிக நுட்பமானது, பலருக்கும் தெரியாதது. ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது தவறுதலாக ஒரு வட்டம் உருவாகிவிட்டால் செய்திகள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். அதைத் தடுக்க 1985-ல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்ற முறையைக் கண்டுபிடித்தார். இந்த முறையின் பழைய வடிவம் ஓடும் ஸ்விட்சில் ஒரு கேபிள் உயிர்பெற்றவுடன், அது செருகியிருக்கும் துளை உடனே திறந்துவிடாது. 15 விநாடி உற்றுக் கேட்கும், இன்னும் 15 விநாடி அக்கம்பக்கத்தைக் கற்றுக்கொள்ளும், அதன் பிறகுதான் செய்திகளைக் கடத்தும். நிறுவல் நிரல் நெட்வொர்க் கார்டின் டிரைவரை ஏற்றும்போது இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டும் எழுகிறது. 30 விநாடிக் கணக்கும் புதிதாகத் தொடங்குகிறது. கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க டெபியன் நிறுவல் நிரல் இயல்பாகக் காத்திருப்பது 3 விநாடிதான். முகவரி கேட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஸ்விட்ச் வாய் திறப்பதற்குள் நிரல் பொறுமையிழந்துவிட்டால் தோல்வி அறிவிப்பு வந்துவிடும். ‘மறுபடியும் முயல்க’ என்பதை அரை நிமிடம் கழித்து அழுத்தினால் முகவரி வந்து விழும்! நிறுவி முடித்த கணினியில் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. அது விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் இரண்டாவது மூன்றாவது முயற்சியில் வாங்கிவிடும்.

மற்ற காரணங்கள் எளிமையானவை. கேபிள் முனையின் கிளிப் உடைந்து தளர்ந்திருக்கலாம். கார்டுக்குத் தேவையான ஃபர்ம்வேர் நிறுவல் பிரதியில் இல்லாமல் இருக்கலாம். வைஃபை கார்டுகளில் இது மிகச் சாதாரணம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்களும் அதிகாரப்பூர்வ நிறுவல் பிரதியிலேயே சேர்க்கப்பட்டன. கணினியில் இரண்டு நெட்வொர்க் துளைகள் இருந்து, கேபிள் ஒன்றிலும் நாம் தேர்ந்தெடுத்தது இன்னொன்றாகவும் இருக்கலாம். ‘ஈத்0’ என்ற பழைய பெயர் போய், 2013 முதல் ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்கள் வந்த பிறகு எது எந்தத் துளை என்று பெயரைப் பார்த்துச் சொல்வது பழகாதவர்களுக்குக் கடினம். இந்த மூன்று நிலைமைகளிலும் கையால் எண்களைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. எண்கள் சரியாகவே இருக்கும், நெட் வராது. உடனே எண்களைச் சந்தேகித்து மாற்றத் தொடங்குவோம். கேபிள் கோளாறு இப்படித்தான் முகவரிக் கோளாறாகவும் வளர்ந்துவிடுகிறது.

இனி அந்த நான்கு கட்டங்களுக்குள் போவோம்.

முதலில் முகவரி. ஒரு கணினி அறையில் எல்லாம் 192.168.1 என்று தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் உள்வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இதை வகுத்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் வைத்துக்கொள்ளலாம். அந்த அனுமதி இல்லாமையே ஆபத்தாகவும் ஆகிறது. 50 என்ற எண் காலியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்துக் கணினியிலிருந்து 192.168.1.50-க்கு பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பார்க்கிறார்கள். பதில் இல்லை. காலிதான் என்று புதிய கணினிக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் பிரிண்டருடையது. அன்றைக்கு அது அணைந்திருந்தது. அல்லது இன்னொரு விண்டோஸ் கணினியுடையது. அதன் ஃபயர்வால் பிங்குக்கு வாய் திறக்காது. பிங்கின் மௌனத்தைக் கொண்டு ஓர் எண் காலி என்று முடிவு செய்யவே கூடாது.

பிரிண்டரை மறுநாள் போட்டதும் என்ன நடக்கும் என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். ஐபி முகவரி என்பது மேல்மட்டத்து ஏற்பாடு. கேபிளில் ஓடும் செய்தியை ஸ்விட்ச் கொண்டுசேர்ப்பது மேக் முகவரியைப் பார்த்துத்தான். ஆகவே, எந்தக் கணினியும் பேசத் தொடங்கும் முன் அறை முழுவதுக்கும் ஒரு கேள்வி போடும்: ‘192.168.1.50 யார்? 192.168.1.1-க்குச் சொல்லுங்கள்.’ டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதிய ஆர்ப் என்ற விதிமுறை இது. கேள்விக்கு உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்வார்; கேட்டவர் அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வார். இப்போது ஒரே கேள்விக்கு இரண்டு பேர் ‘நான்தான்’ என்கிறார்கள். யார் பதில் நினைவில் தங்குகிறதோ அவருக்குச் செய்தி போகும். ரவுட்டரின் நினைவில் கணினி இருக்கலாம், தலைமையாசிரியர் அறைக் கணினியின் நினைவில் பிரிண்டர் இருக்கலாம். சில நிமிடங்களில் நினைவு அழிந்து, கேள்வி மறுபடி போய், விடை மாறும். ‘சார், இப்பத்தான் நெட் வந்துச்சு, திரும்பப் போயிடுச்சு’ என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். காலையில் நன்றாக ஓடியது மதியம் ஓடாது. பிரிண்டரை அணைத்தால் சரியாகும். ஆனால் பிரிண்டருக்கும் இணையத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. கேபிளை மாற்றுவார்கள், ஸ்விட்சை மாற்றுவார்கள், இணைய நிறுவனத்துக்கு போன் போட்டுத் திட்டுவார்கள்.

முகவரியை எடுத்துக்கொள்ளும் முன் ‘இது யாரிடமாவது இருக்கிறதா?’ என்று ஆர்ப் மூலம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று 2008-ல் ஸ்டூவர்ட் செஷயர் எழுதிய ஆர்எஃப்சி 5227 சொல்கிறது. விண்டோஸ் மோதல் கண்டால் அறிவிப்பு காட்டும். லினக்ஸ் வகைகளில் இது சீராக இல்லை. கையால் கொடுத்த முகவரியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் அமைப்புகள் இன்னும் உண்டு. நிறுவல் நிரல்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு ஆர்ப் கேள்வி அனுப்பிக் காத்திருக்க ஓரிரு விநாடி ஆகும். அந்தச் சோதனையைக் கட்டாயமாக்காதது பெரிய குறை.

மோதலுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரவுட்டர் 100 முதல் 200 வரையிலான எண்களைத் தானாக விநியோகிக்கும்படி வைத்திருப்பார்கள். அதை அறியாமல் 105-ஐக் கையால் போட்டுவிட்டால், ரவுட்டருக்கு அது தெரியாது. கணினி அணைந்திருக்கும் ஒரு நாளில் 105-ஐ யாரோ ஒருவரின் கைப்பேசிக்குக் கொடுத்துவிடும். ஓஎஸ் போட்டு ஒரு மாதம் கழித்துக்கூட இது நடக்கலாம். போட்டவருக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது யாரும் நினைக்க மாட்டார்கள்.

எழுதும் முறையிலேயே ஒளிந்திருக்கும் ஒரு கண்ணியையும் சொல்ல வேண்டும். நோட்டில் எண்களை நேராக அடுக்க விரும்புபவர்கள் 192.168.001.010 என்று சுழியம் சேர்த்து எழுதுவார்கள். அதை அப்படியே தட்டச்சு செய்தால், முன்னால் சுழியம் வந்த எண்ணைப் பல நிரல்கள் எட்டின் அடிமானத்தில் படிக்கும். அந்தக் கணக்கில் 010 என்பது 8. பத்தாம் எண் கணினியைத் தேடிப் போன செய்தி எட்டாம் எண்ணுக்குப் போய்ச் சேரும். வேறு சில நிரல்கள் 10 என்றே படிக்கும். இந்த முரண் பாதுகாப்பு ஓட்டையாகவே ஆகி, 2021-ல் பைத்தான் மொழியின் நூலகம் உட்படச் சில நிரல்களைத் திருத்த வேண்டி வந்தது. சுழியம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மாஸ்க். நான்கில் இதைத்தான் ஆட்கள் மிகவும் அலட்சியமாகக் கடக்கிறார்கள், எங்கும் 255.255.255.0 என்பதைப் பார்த்துப் பழகியதால் அது ஒரு சடங்காகிவிட்டது. முகவரியில் எந்தப் பகுதி ஊர், எந்தப் பகுதி வீடு என்று பிரித்துச் சொல்வது மாஸ்க். 255 வரும் இடமெல்லாம் ஊர். 0 வரும் இடம் வீடு. 192.168.1.20 என்ற கணினிக்கு 255.255.255.0 என்றால் 192.168.1 என்று தொடங்கும் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், நேரடியாகக் கூப்பிடலாம். மற்ற அனைவரையும் கேட்வே வழியாகத்தான் அடைய வேண்டும்.

இப்போது மாஸ்க்கை 255.255.0.0 என்று தவறாகக் கொடுத்துவிட்டோம். இணையம் நன்றாக வரும். உள்ளூர்ப் பிரிண்டரும் வேலை செய்யும். ஆனால் அடுத்த கட்டடத்தில் 192.168.2.15 என்ற எண்ணில் ஒரு சர்வர் இருந்தால், அதை மட்டும் அடைய முடியாது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ரவுட்டர் இருக்கிறது. நம் கணினியோ 192.168 என்று தொடங்கும் எல்லோரையும் தன் அறைக்குள்ளேயே இருப்பதாக நினைத்து, ஆர்ப் கேள்வியைத் தன் கேபிளிலேயே போட்டுவிட்டு, வராத பதிலுக்காகக் காத்திருக்கும். ஒரே ஒரு சர்வர் வராவிட்டால் எல்லோரும் அந்த சர்வரைத்தானே குறை சொல்வார்கள்?

மாறாக, மாஸ்க்கைச் சுருக்கி 255.255.255.128 என்று கொடுத்தால் ஊர் பாதியாகிவிடும்: 0 முதல் 127 வரை ஓர் ஊர், 128 முதல் 255 வரை இன்னொன்று. கேட்வே 254-ல் இருந்தால் அது நம் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. கேட்வேயைப் பிடிக்கவே கேட்வே வேண்டும் என்ற நிலை. இதை டெபியன் நிறுவல் நிரல் கண்டுபிடித்து, அந்தக் கேட்வேயை எட்ட முடியாது என்று சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு. கேட்வே 1-ல் இருந்தாலோ எச்சரிக்கை கிடையாது. 200-ல் இருக்கும் பக்கத்து மேசைக் கணினிக்கு அனுப்பும் செய்தியைக்கூட நம் கணினி ரவுட்டரிடம் கொடுத்து, ரவுட்டர் அதே அறைக்குள் திருப்பி அனுப்பும். எல்லாம் நடக்கும். ரவுட்டரை அணைத்த அன்றைக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள முடியாமல் போகும்.

உபுண்டு சர்வர் நிறுவல் நிரலில் இன்னொரு குழப்பம் உண்டு. அங்கே சப்நெட் என்ற கட்டத்தில் 192.168.1.0/24 என்று ஊரின் முகவரியை எழுத வேண்டும். 24 என்பது முதல் 24 பிட்டுகள் ஊருக்கு என்று பொருள். பலர் 192.168.1.20/24 என்று தங்கள் கணினியின் முகவரியையே எழுதி, ஏன் பிழை காட்டுகிறது என்று புரியாமல் விழிப்பார்கள். கணினியின் முகவரிக்கு அடுத்த கட்டம் தனியாக இருக்கிறது.

கேட்வேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் கொடுத்த முகவரியை வைத்து, கேட்வே 1-ல் முடியும் என்று நிறுவல் நிரல் தானே ஊகித்து நிரப்பிக் காட்டும். அது ஊகம். ரவுட்டரை 254-ல் வைக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஏற்கெனவே நிரப்பியிருப்பதைப் பார்த்து என்டர் தட்டுவது மனித இயல்பு. ஆகவே இங்கே சற்று நின்று, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கணினியில் பார்த்து எழுத வேண்டும்.

டிஎன்எஸ் தவறினால் அடையாளம் தெளிவாக இருக்கும்: எண்ணுக்கு பிங் போகும், பெயருக்குப் போகாது. ஆனால் நிறுவும் நேரத்தில் நாம் பிங் கொடுத்துப் பார்ப்பதில்லை. மென்பொருள்களின் நகல்களை வைத்திருக்கும் எந்த சர்வரிலிருந்து, அதாவது எந்த மிரரிலிருந்து, இறக்குவது என்று நிரல் கேட்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை அடைய முடியவில்லை என்னும். இந்தியாவை விட்டு ஜப்பானைத் தேர்ந்தெடுப்பார்கள், ஜெர்மனியைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த நாட்டு மிரரின் பெயரும் எண்ணாக மாறவில்லை என்பதுதான் நிஜம். கடைசியில் மிரர் இல்லாமலே தொடர்ந்து, பாதி மென்பொருள்கூட இல்லாத ஒரு கறுப்புத் திரையில் போய் நிற்பார்கள். கூகுளின் 8.8.8.8 எண்ணைப் போட்டுத் தப்பிப்பவர்கள் உண்டு, வீட்டில் சரி. உள்ளுக்குள் தனிப் பெயர்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்தப் பெயர்கள் கூகுளுக்குத் தெரியாது. பழைய கணினியானால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. அது தீர்ந்து கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருந்தால், மிரரை அடைந்த பிறகும் அதன் கையெழுத்துக் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நிராகரிக்கப்படும். பழி நெட்வொர்க் மேல் விழும்.

ஒரு காலத்தில் இணையம் முழுவதுமே கையால் எழுதிய பட்டியலில்தான் ஓடியது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே கோப்பில் வைத்துப் பராமரித்தது. எண்களுக்கான பேரேடு ஜான் போஸ்டலிடம் இருந்தது. கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். 1985 செப்டம்பரில் பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை வெளியிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கணினி, உயிர்பெற்றவுடன் தன் முகவரியையும் தான் ஓட்ட வேண்டிய கோப்பின் பெயரையும் வலையமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். ஓஎஸ் இல்லாத கணினியின் முன் பென்டிரைவோடு நிற்பவரின் பிரச்சினையும் இதேதான். பூட்பியை விரித்துத்தான் பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்ரோம்ஸ் 1993 அக்டோபரில் டிஹெச்சிபியைத் தந்தார். முகவரியை நிரந்தரமாகக் கொடுக்காமல் குறித்த காலத்துக்கு வாடகைக்குக் கொடுப்பது அதன் முக்கியமான புதுமை.

இந்த வாடகை ஏற்பாட்டின் அருமை, வலையமைப்பு மாறும்போதுதான் தெரியும். பள்ளிக்கு வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு வருகிறது. புதிய மோடம் 192.168.1-க்குப் பதிலாக 192.168.0 என்று தொடங்குகிறது. தானாக முகவரி வாங்கும் கணினிகள் அடுத்த முறை உயிர்பெறும்போது தாமே மாறிக்கொள்ளும். நிறுவும்போது கையால் எழுதியவை மட்டும் பழைய ஊரிலேயே நிற்கும். எழுதியவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார். டெபியனில் நிறுவல் நிரல் எழுதிவைத்த அந்தக் கோப்பு கண்ணுக்கு எளிதில் படாது. திரை இல்லாத சர்வராக நிறுவிவிட்டுப் பின்னால் வரைகலைத் திரையைச் சேர்த்திருந்தால், மூலையிலுள்ள நெட்வொர்க் சின்னம் ‘இந்தச் சாதனம் என் பொறுப்பில் இல்லை’ என்று ஒதுங்கிவிடும்; அங்கே சொடுக்கிச் சொடுக்கி ஒன்றையும் மாற்ற முடியாது.

ஐபிவி6 இந்தச் சிக்கலை அடியோடு வேறுவிதமாக அணுகுகிறது. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. புதிய முறையில் ரவுட்டர் ஊரின் முகவரியை மட்டும் அறிவிக்கும். வீட்டு எண்ணைக் கணினி தானே உருவாக்கிக்கொள்ளும், பயன்படுத்தும் முன் வேறு யாரிடமும் அது இல்லை என்று கட்டாயம் விசாரித்துக்கொள்ளும். ஐபிவி6-ஐ அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது, அதற்குக் கைப்பேசி இணைப்புகளே முக்கியக் காரணம். பள்ளி, அலுவலக உள்வலையமைப்புகளில் பழைய எண்களே இன்னும் பரவலாகப் புழங்குகின்றன. எனவே அந்தத் திரையை இன்னும் பல ஆண்டுகளுக்கு நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

தானியங்கி அமைப்பு தோற்றால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடியும் முயலுங்கள். கேபிளின் இரு முனைகளிலும் சிறு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ‘இப்போது வலையமைப்பை அமைக்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்காகவே, ஊர்ப்புறங்களில் ஓஎஸ் போடுபவர்கள் இணையத்தை நம்பியிருக்கும் சிறிய நிறுவல் பிரதியை விட்டு, எல்லா மென்பொருளும் அடங்கிய முழுப் பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. கணினி முழுமையாக எழுந்து நின்றபின், சோதிக்கும் கருவிகளெல்லாம் கையில் இருக்கும்போது, நிதானமாகக் கோளாறைத் தேடலாம். ஓர் எண் காலியா என்று பார்க்க ஆர்ப்பிங் என்ற கருவி இருக்கிறது. பிங்குக்கு மௌனம் சாதிக்கும் ஃபயர்வால்கூட ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

சில கணினிகளுக்கு மாறாத எண் வேண்டும் என்பது உண்மை. பிரிண்டர், கோப்பு சர்வர், தேர்வு நடத்தும் சர்வர் ஆகியவை நாளுக்கொரு எண்ணில் இருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் கணினிக்குள் எண்ணை எழுத வேண்டியதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதி இருக்கும். அங்கே அந்தக் கணினியின் மேக் முகவரியையும் அதற்கு வேண்டிய எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், கணினி தானாகக் கேட்கும்போதெல்லாம் ரவுட்டர் அதே எண்ணைத்தான் கொடுக்கும், வேறு யாருக்கும் அதைத் தராது. ஓஎஸ்ஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அந்த எண் மாறாது. நிறுவல் திரையும் கேள்வி கேட்காது. கையால் எண் எழுத வேண்டியது ரவுட்டருக்கு மட்டும்தான். அதையும் ரவுட்டரின் மேலேயே ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடலாம். மதர்போர்டை மாற்றினால் மேக் முகவரியும் மாறும். அப்போது ரவுட்டரில் உள்ள அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.